பழைய ஆபீஸ் பெட்டியில் ஒரு வீட்டு சர்வர்: டிஸ்க்கிலிருந்து இணையதளம் வரை

வீட்டு சர்வர் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நேராக மென்பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. சர்வர் பிழைப்பதும் சாவதும் கரண்ட், டிஸ்க், பேக்கப் என்ற மூன்றில்தான். அதனால் இந்த வழிகாட்டியில் படம் பார்ப்பது பாதிக்குப் பிறகும், சொந்த இணையதளம் கடைசியிலும் வரும். வரிசையை மாற்றிச் செய்து நான் அடி வாங்கியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

கடைசியில் கையில் இருக்கப்போவது இதுதான்: வீட்டில் உள்ள எல்லோருடைய போட்டோவும் கோப்பும் ஒரே இடத்தில், டிவியிலும் போனிலும் நம் சொந்தப் படங்கள், நம் டொமைன் பெயரில் ஒரு சின்ன இணையதளம்.

பெட்டி எது?

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெல் 8வது தலைமுறை பிராசஸர், அதற்கு முந்தையவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் விலக்கு. எனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 6, 7வது தலைமுறை மெஷின்களை ஆபீஸ்கள் கூட்டம் கூட்டமாகக் கழித்துவிடுகின்றன. சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். நாம் போடப்போகும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்குத் தலைமுறைக் கணக்கெல்லாம் கிடையாது.

நமக்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. 6க்கும் 7க்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இப்போது வரும் 4கே படங்களில் பெரும்பாலானவை 10 பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கியவை. அதை 7வது தலைமுறையின் உள்ளமைந்த கிராபிக்ஸ் தானே பிரித்துவிடும், 6வதால் முடியாது. ஐ5-7500 என்றால் கோட்டுக்கு அடுத்த இலக்கமான 7தான் தலைமுறை. 7 அல்லது 8 கேளுங்கள். மெமரி 8 ஜிபி போதும், 16 இருந்தால் நிம்மதி.

உள்ளங்கை அகல மினி பெட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதற்குள் 3.5 அங்குல டிஸ்க் நுழையாது. கொஞ்சம் பெரிய, படுக்கை வாட்டப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, டிஸ்க் வைக்கத் தட்டு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். கூடவே இயங்குதளத்துக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று.

கரண்ட் கணக்கு

இப்படிப்பட்ட பெட்டி ஒரு டிஸ்க்கோடு சும்மா இருக்கும்போது சுமார் 25 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரம், 60 நாள் என்றால் 36 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 36. கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய கேமிங் கம்ப்யூட்டர் 80 வாட்டில் நின்றால் அதே கணக்கு 115 யூனிட் ஆகிவிடும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும். ஏற்கெனவே 470, 480இல் நிற்கிற வீடு என்றால் சர்வரை ஏற்றுவதற்கு முன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஆன் ஆகும் வசதியை முதலிலேயே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் சர்வர் செத்துக் கிடக்கும், வீட்டில் இருப்பவர்களுக்குப் போனில் பட்டனைக் காட்டிக்கொண்டிருப்பீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் போடுவதாக இருந்தால் அதில் யுபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதா மோடில் இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடிக்குள் மின்விசிறி தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே லைனில் கொடுங்கள்.

பரணில் வைக்காதீர்கள். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் அடுப்பு மாதிரி. தரையிலும் வேண்டாம், பெட்டிக்குள் பல்லி குடிவந்துவிடும். என் பவர் சப்ளைக்குள் ஒரு பல்லி போய், தானும் போய் அதையும் கொண்டுபோனது. இப்போது பின்பக்க ஓட்டைகளில் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறேன்.

டிஸ்க்: ரெய்டா, பேக்கப்பா?

இரண்டு டிஸ்க் வாங்க மட்டும் காசு இருக்கிறது என்றால் என்ன செய்யலாம்? பலரும் ரெய்டு 1 போட்டு இரண்டையும் கண்ணாடிப் பிரதியாக ஓட்டுவார்கள். வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. ரெய்டு காப்பது ஒரு டிஸ்க் சாவதிலிருந்து மட்டும். மகன் தவறுதலாக அழித்த ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே, மின்னல் அடித்தாலும் அப்படியே. ஆபீஸில் ஒரு மணி நேரம் சர்வர் நின்றால் நஷ்டம், அங்கே ரெய்டுக்கு அர்த்தம் உண்டு. வீட்டில் ஒரு நாள் படம் பார்க்காமல் இருக்கலாம், கல்யாண போட்டோவைத்தான் தொலைக்கக் கூடாது. ஆக ஒரு டிஸ்க் பெட்டிக்குள், இன்னொன்று தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி உறையில் பேக்கப்புக்கு.

வாங்கிய டிஸ்க்கில் உடனே எதையும் கொட்ட வேண்டாம். டிஸ்க் தன்னைத்தானே பரிசோதிக்கும் ஸ்மார்ட் சோதனையில் நீண்ட வகையை ஓட விட்டுத் தூங்கப் போங்கள், 4 டெராபைட்டுக்கு ஓர் இரவு பிடிக்கும். காலையில் வரும் அறிக்கையில் 5, 197, 198 என்று எண்ணிட்ட மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர், சந்தேகத்தில் இருக்கும் செக்டர், படிக்கவே முடியாத செக்டர் ஆகியவற்றின் எண்ணிக்கை அவை. மூன்றின் கடைசிக் கட்டத்திலும் பூஜ்யம் இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ஒன்று இருந்தால்கூடத் திருப்பிக் கொடுங்கள்.

4 டெராபைட் டிஸ்க் 3.6 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024இன் மடங்கில் எண்ணுகிறது. ஆனால் இன்னொரு இடம் உண்மையாகவே தொலைகிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மேட் தன் வழக்கப்படி 5 சதவீதத்தை, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும், 4 டெராபைட்டில் அது 200 ஜிபி. இயங்குதள டிஸ்க்குக்கு அந்த ஒதுக்கீடு நல்லது, சேமிப்பு டிஸ்க்குக்கு வேண்டாம். ஃபார்மேட் செய்யும்போதே அதைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள்.

டெபியன் போடுவது

ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற சர்வர் இயங்குதளங்கள் திரையில் கிளிக் செய்தே எல்லாம் முடிக்கலாம் என்பவை, தவறில்லை. நான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான வெறும் டெபியன்தான் சொல்வேன். ஏதாவது உடைந்தால் உலகம் முழுக்க விடை கிடைப்பது அதற்குத்தான். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐப் பென் டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். ரூட் பாஸ்வேர்டு கேட்கும்போது காலியாக விட்டால் உங்கள் பயனருக்கே சூடோ என்ற நிர்வாகி உரிமை வந்துவிடும். மென்பொருள் தேர்வில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வர் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து இதற்குக் கட்டளை கொடுக்கும் வழி), அடிப்படைக் கருவிகள் இரண்டை மட்டும் விடுங்கள். இதற்குப் பிறகு மானிட்டரே வேண்டாம்.

ரவுட்டரில் இந்தப் பெட்டியின் நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்குங்கள். எஸ்எஸ்எச்சுக்குச் சாவிக் கோப்பு ஏற்றிவிட்டு பாஸ்வேர்டு நுழைவை மூடுங்கள். பாதுகாப்பு அப்டேட் தானாக ஏறும்படி வையுங்கள். கேபிளில்தான் இணையுங்கள், வைஃபை வேண்டாம். ரவுட்டரின் போர்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இணைய நிறுவனம் கொடுக்கும் மலிவு ரவுட்டர் சிலவற்றில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், கோப்பு நொடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் நகராது. ஜிகாபிட் போர்ட்டில் 110ஐத் தொடும்.

காலி ஃபோல்டர் என்ற பொறி

இப்போது நான் அடி வாங்கிய இடம். லினக்ஸில் டிஸ்க் என்பது ஒரு ஃபோல்டரின் மேல் வந்து உட்காரும். அது உட்காரவில்லை என்றாலும் ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும், காலியாக. ஒரு மழை நாளில் கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்தது. சர்வர் எழுந்தது, பேக்கப் யுஎஸ்பி டிஸ்க் எழவில்லை. இரவு பேக்கப் மட்டும் தவறாமல் ஓடியது, அந்தக் காலி ஃபோல்டருக்குள். அதாவது இயங்குதளம் இருக்கும் அதே எஸ்எஸ்டிக்குள். பதினோரு நாள் கழித்து எஸ்எஸ்டி நிரம்பி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

இதைத் தடுக்க மூன்று வேலை. டிஸ்க்குகளை எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கின் பெயருக்குப் பதிலாக அதன் மாறாத அடையாளமான யுயுஐடி எண்ணைக் கொடுங்கள், பெயர் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் மாறலாம். அதே வரியில் 'நோஃபெயில்' சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் பெட்டி எழுந்துவிடும். மூன்றாவதுதான் முக்கியம். டிஸ்க்கை ஏற்றும் முன், அந்தக் காலி ஃபோல்டருக்குச் 'சாட்டர்' கட்டளையால் மாற்ற முடியாத குணத்தைப் போட்டுவிடுங்கள். டிஸ்க் உட்கார்ந்தால் எழுதலாம். உட்காராவிட்டால் ரூட் பயனரே முயன்றாலும் பிழை வரும். பேக்கப் தோற்றுப்போய்ச் சத்தம் போடும், அதுதான் நமக்கு வேண்டும்.

வீட்டுக்குள் பகிர்வது

விண்டோஸ், போன், டிவி எல்லாவற்றுக்கும் பொதுவான வழி சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆஸ்திரேலியாவில் 1991 கடைசியில் எழுதத் தொடங்கியது. பழைய டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை இழுத்து வர நாம் பயன்படுத்தும் ஆர்சிங்க்கின் பிறப்பிலும் அவர் கை உண்டு. ஆளுக்கொரு ஃபோல்டர், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று, படங்களுக்கு ஒன்று என்று பிரித்தால் போதும். சாம்பாவின் பாஸ்வேர்டு லினக்ஸ் பாஸ்வேர்டிலிருந்து வேறு, தனியாக வைக்க வேண்டும். புதியவர்கள் அரை நாள் முட்டிக்கொள்வது இங்கேதான்.

நெட்வொர்க் வழியாக அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். சாம்பாவில் 'ரீசைக்கிள்' என்ற இணைப்பைப் போட்டால் அழித்தவை ஒரு மறைவான ஃபோல்டருக்கு நகரும். அதை 30 நாளுக்கு ஒருமுறை காலி செய்யலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இஎக்ஸ்டி4இல் கோப்புப் பெயரின் உச்ச நீளம் 255 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனிக் குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். 'பொங்கல்' கண்ணுக்கு நான்கு எழுத்து, உள்ளே ஏழு குறி, 21 பைட். ஆக 85 குறிக்கு மேல் தாங்காது. விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணி 255 வரை விடும். அங்கே ஒழுங்காக இருந்த 'தாத்தாவின் சதாபிஷேகம் திருக்கடையூர் கோயிலில் எடுத்த...' வகைப் பெயர்கள் நகலெடுக்கும்போது மட்டும் பிழை காட்டினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், பெயரைச் சுருக்குங்கள்.

பேக்கப்

ரெஸ்டிக் என்ற மென்பொருள் போதும். மாறிய பகுதியை மட்டும் எடுக்கும், பழைய நிலைகளையும் வைத்திருக்கும், பூட்டியே சேமிக்கும். தினம் இரவு 2 மணிக்கு ஓட வையுங்கள். 7 நாள், 4 வாரம், 12 மாதம் என்று பழைய நிலைகளை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கச் சொல்லலாம். பாஸ்வேர்டு தொலைந்தால் டேட்டாவும் தொலைந்தது, மீட்க வழியே கிடையாது. காகிதத்தில் எழுதி நகைப் பெட்டியில் வையுங்கள்.

சினிமாப் படங்களைப் பேக்கப் எடுக்க வேண்டாம், திரும்பக் கிடைக்கும். போட்டோ, ஆவணங்கள், சர்வரின் அமைப்புக் கோப்புகள் இவை மட்டும். அப்படிச் சுருக்கினால் மூன்றாவது பிரதி ஒரு சின்ன டிஸ்க்கிலேயே அடங்கும். அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு சின்ன டிஸ்க்கில் ஒன்று என் வீட்டில், ஒன்று அக்கா வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். பூட்டிய பிரதி என்பதால் அக்கா வீட்டில் யார் செருகிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு போட்டோவைப் பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காமல் இருக்கும் வரை உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

படமும் போட்டோவும்

இனிமேல் டாக்கர். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி கன்டெய்னரில், அதாவது தனி அறை மாதிரி ஓடும், காம்போஸ் என்ற ஒரு அமைப்புக் கோப்பில் நான்கு வரி மாற்றினால் எழும். ஒரே எச்சரிக்கை: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன் என்று நம்பி இருக்காதீர்கள். டாக்கர் திறக்கும் போர்ட் (கேபிள் செருகும் துளை இல்லை, மென்பொருள்கள் பேசும் எண்ணிட்ட வாசல்) அந்த விதிகளைத் தாண்டிக்கொண்டு போகும்.

படங்களுக்கு ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம். 8096 போர்ட்டில் திறக்கும். படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஒரே பெயரில் இரண்டு காலத்துப் படங்கள் நம்மிடம் நிறைய உண்டு. ஆண்டு இல்லாவிட்டால் பழையதற்குப் புதியதின் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும்.

டிவிக்கு அந்த ஃபார்மேட் புரிந்தால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பும், பிராசஸர் தூங்கும். புரியாவிட்டால் உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும், உள்ளமைந்த கிராபிக்ஸில் அதற்கென்றே இருக்கும் இன்டெல் குயிக் சிங்க் அப்போதுதான் வேலைக்கு வருகிறது. கிராபிக்ஸ் சாதனத்தைக் கன்டெய்னருக்குள் விட்டு, அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். செய்தீர்களா என்று தெரிய, படம் ஓடும்போது பிராசஸர் பயன்பாட்டைப் பாருங்கள். பிராசஸரின் எல்லாக் கோர்களும் 100 சதவீதத்தில் நின்றால் குயிக் சிங்க் எழவில்லை. தமிழ் சப்டைட்டில் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஒரு ஃபோல்டரில் போட்டு, மாற்று எழுத்துரு அமைப்பில் அதைக் காட்டுங்கள்.

போட்டோவுக்கு இம்மிச். போனிலிருந்து தானாக ஏறும், முகம் பார்த்துப் பிரிக்கும். அதன் டேட்டாபேஸை எஸ்எஸ்டியில் வையுங்கள், படங்களோடு டேட்டாபேஸையும் பேக்கப்பில் சேருங்கள். படம் மட்டும் மிஞ்சினால் ஆல்பங்கள் போயிருக்கும்.

வெளியூரிலிருந்து நுழைய

ரவுட்டரில் போர்ட் திறந்து சாம்பாவையோ ஜெல்லிஃபினையோ வெளியே விடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது சாம்பா பேசும் அதே 445 போர்ட் வழியாகத்தான், விண்டோஸில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு. உங்கள் கருவிகளை மட்டும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேலைச் சர்வரிலும் வீட்டார் போன்களிலும் போடுங்கள். வயர்கார்டு என்ற பூட்டிய இணைப்பு முறையின் மேல் கட்டியது, ரவுட்டரைத் தொடவே வேண்டாம். மாமனார் வீட்டிலிருந்தும் ஜெல்லிஃபின் திறக்கும்.

இணையதளம்

முதலில் ரவுட்டர் பக்கத்தில் வெளி ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டில் இருக்கிறீர்கள். ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்கிறது, எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. டெயில்ஸ்கேலும் இதே எல்லைக்குள்தான் தன் முகவரிகளைக் கொடுக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொது ஐபி இருந்தால் வேலை சுலபம். டொமைனை அதற்குத் திருப்பி, 80, 443 போர்ட்டுகளைச் சர்வருக்கு விட்டு, கேடி என்ற வெப் சர்வரை ஓட்டுங்கள். டொமைன் பெயர், ஃபோல்டர், கோப்புகளைக் காட்டு என்று மூன்று வரிதான் அமைப்பு. எச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிக் காலாவதிக்கு முன் புதுப்பிக்கும். சிஜிநாட் என்றால் கிளவுட்ஃபிளேர் டனல். சர்வரே உள்ளிருந்து வெளியே ஒரு இணைப்பைப் பிடித்துக்கொள்ளும், பார்வையாளர்கள் அதன் வழியே வருவார்கள். நடுவில் கிளவுட்ஃபிளேரால் எல்லாவற்றையும் படிக்க முடியும், ஊருக்கே காட்டும் தளம் என்பதால் பரவாயில்லை. படத்தை அந்த வழியில் ஓட்டாதீர்கள்.

வெப் கன்டெய்னருக்குத் தளத்தின் ஃபோல்டரை மட்டும், அதுவும் படிக்கும் உரிமையோடு மட்டும் கொடுங்கள். போட்டோ டிஸ்க் அதன் கண்ணில் படவே கூடாது. தளம் எழுந்த அன்றே லாக்கைத் திறந்து பாருங்கள். என் தளத்தில் இருந்தது ஐந்து வெறும் பக்கங்கள், வேர்ட்பிரஸ் கிடையாது. ஆனாலும் முதல் மணி நேரத்திலேயே வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்டு வரிசையாக ஆள் வந்திருந்தது. மனிதர்கள் இல்லை, கதவு கதவாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள். மெயில் சர்வர் மட்டும் வீட்டில் வேண்டாம். வீட்டு இணைப்பிலிருந்து போகும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் நேராக ஸ்பேமில் தள்ளும்.

எல்லாம் ஓடிய பிறகு ஒரு காகிதத்தைப் பெட்டியின் மேல் ஒட்டினேன். 'இதை அணைக்க மேல் பட்டனை ஒருமுறை தொட்டு ஒரு நிமிடம் பொறு. இணையம் இல்லையென்றால் இதில் கை வைக்காதே, ரவுட்டரைப் பார். போட்டோ பேக்கப் கறுப்பு டிஸ்க்கில், பாஸ்வேர்டு நகைப் பெட்டியில்.' கீழே என் மனைவி பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: 'வெள்ளிக்கிழமை துடைக்கும்போது பின் வயரை ஆட்டாதே.'